ஸ்வான்சீ: ஒரே விரிகுடாவுக்குள் இத்தனை அதிசயங்களா!

உலகிலேயே முதன்முதலாகக் காசு வாங்கிக்கொண்டு பயணிகளை ஏற்றிய ரயில் எங்கே ஓடியது தெரியுமா? மேற்கு ஐரோப்பாவில் சடங்கு செய்து புதைக்கப்பட்டவர்களில், இதுவரை தெரிந்தவரை மிகப் பழையவர் எந்தக் குகையில் கிடந்தார் தெரியுமா? முதல்தரக் கிரிக்கெட்டில் ஒரே ஓவரில் ஆறு சிக்ஸர் பறந்த முதல் மைதானம் எது தெரியுமா? விண்வெளிக் கலங்களுக்கு மின்சாரம் தந்த எரிபொருள் மின்கலத்தைக் கண்டுபிடித்தவர் எந்த ஊரில் பிறந்தார் தெரியுமா?

நான்கு கேள்விக்கும் விடை ஒரே ஊர்தான்! வேல்ஸ் நாட்டின் இரண்டாவது பெரிய நகரமான ஸ்வான்சீயும், அதை ஒட்டிக் கடலுக்குள் நீண்டு கிடக்கும் கௌவர் தீபகற்பமும்தான் அந்த விடை. லண்டன் பேடிங்டன் நிலையத்தில் ரயில் ஏறினால் சுமார் மூன்று மணி நேரம். கார்டிஃபை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் எதையெல்லாம் தவறவிடுகிறார்கள் என்று பாருங்கள்!

குதிரை இழுத்த முதல் பயணிகள் ரயில் தெரியுமா?

ஸ்வான்சீயிலிருந்து மம்பிள்ஸ் என்ற கடலோரச் சிற்றூர் வரை, விரிகுடாவின் வளைவை ஒட்டி ஒரு தண்டவாளம் போட்டார்கள். சுண்ணாம்புக்கல்லும் நிலக்கரியும் ஏற்றத்தான் 1804-ல் நாடாளுமன்றம் அதற்கு அனுமதி கொடுத்தது. பிறகு ஒருவருக்கு அருமையான யோசனை வந்தது. கல்லை ஏற்றும் பாதையில் ஆளை ஏற்றினால் என்ன? ஆண்டுக்கு 20 பவுண்ட் கட்டி அந்த உரிமையைப் பெற்றார் பெஞ்சமின் பிரெஞ்ச். 1807 மார்ச் 25 அன்று குதிரை பூட்டிய வண்டி தண்டவாளத்தில் பயணிகளோடு கிளம்பியது. ஸ்டீஃபன்சனின் புகழ்பெற்ற ஸ்டாக்டன் - டார்லிங்டன் ரயில் பாதை திறக்க இன்னும் 18 ஆண்டு இருந்தது!

அதோடு நின்றதா? அதே ஆண்டு வண்டிக்குப் பாய்மரம் கட்டிக் காற்றால் ஓட்டிப் பார்த்தார்கள்! 1877-ல் நீராவி வந்தது. 1929-ல் மின்சாரம் வந்தது. இடையில் பேட்டரி, பெட்ரோல், டீசல் எல்லாம் அந்தத் தண்டவாளத்தைத் தொட்டுப் பார்த்தன. ஒரே வண்டியில் 106 பேர் உட்காரக்கூடிய இரட்டை மாடி மின்வண்டிகள் கடலோரமாக ஓடின. 1960 ஜனவரியில் பாதை மூடப்பட்டது. இன்று அதே வழித்தடத்தில் நடைபாதையும் சைக்கிள் பாதையும் இருக்கின்றன. சுமார் 8 கிலோமீட்டர். ஒரு பக்கம் நகரம், மறுபக்கம் கடல், எதிரே 1794-ல் கட்டிய மம்பிள்ஸ் கலங்கரை விளக்கம். ரயில் வரலாற்றின் முதல் பக்கத்தின் மீதே நடந்து போகலாம்!

90 ஆண்டு பெண்ணாக இருந்த ஆண் தெரியுமா?

கௌவரின் தெற்குக் கரையில் பாவிலண்ட் என்ற இடத்தில் செங்குத்தான சுண்ணாம்புப் பாறை. அதில் ஒரு குகை. 1823-ல் ஆக்ஸ்ஃபோர்டின் நிலவியல் பேராசிரியர் வில்லியம் பக்லண்ட் அங்கே தோண்டினார். செங்காவி பூசிய மனித எலும்புகள் வெளிவந்தன. கூடவே தந்தத்தில் செதுக்கிய கோல்கள், துளையிட்ட சிப்பிகள்! நகைகள் இருந்தால் பெண்ணாகத்தான் இருக்க வேண்டும், ரோமானியர் காலத்தவள் என்று அவர் முடிவு செய்தார். 'பாவிலண்டின் செம்மங்கை' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

1913-ல்தான் அது இளைஞன் ஒருவனின் எலும்பு என்று வில்லியம் சோலஸ் அறிவித்தார். வயது? ரோமானியர் காலமெல்லாம் நேற்று நடந்ததுபோல! இன்றைய கணிப்பின்படி அந்த இளைஞன் வாழ்ந்தது ஏறத்தாழ 33,000 ஆண்டுகளுக்கு முன்பு. மாமத யானைகள் திரிந்த காலம். இன்று அலை மோதும் அந்தக் குகை வாசலிலிருந்து அன்றைய கடல் சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி இருந்தது. அவன் பார்த்தது அலையை அல்ல, விலங்குக் கூட்டங்கள் மேய்ந்த பெரும் சமவெளியை! அவனுடைய உறவினர்கள் அவன் உடலுக்குக் காவி பூசி, அணிகலன் வைத்து அனுப்பிவைத்தார்கள். செத்தவர்மீது மனிதர் வைத்த அன்புக்கு இத்தனை பழைய சாட்சி கிடைப்பது எத்தனை பெரிய பேறு! எலும்புகள் இப்போது ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

கடல் வற்றும்போதெல்லாம் ஐந்து மணி நேரம் வழிவிடும் தீவு தெரியுமா?

ஸ்வான்சீ விரிகுடா பிரிஸ்டல் கால்வாயில் இருக்கிறது. உலகிலேயே ஓதம் மிக உயரமாக ஏறி இறங்கும் இடங்களில் அந்தக் கால்வாயும் ஒன்று. அட்லாண்டிக் கடலின் நீர், போகப்போகக் குறுகும் வாய்க்குள் நுழைவதால் ஒடுங்கி உயர்கிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஸ்வான்சீயில் கடல் மட்டம் 8 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். இரண்டு மாடி வீடு மூழ்கும் உயரம்! காலையில் அலையடித்த இடத்தில் மதியம் கண்ணுக்கெட்டிய தூரம் மணல்.

இந்த ஓதத்தின் முழு வித்தையையும் பார்க்க கௌவரின் மேற்கு முனையில் ரொசிலிக்குப் போக வேண்டும். ஏறத்தாழ 5 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரே வீச்சில் மணற்கரை. அதன் தென்கோடியில் கடலுக்குள் நெளிந்து கிடக்கிறது வொர்ம்ஸ் ஹெட் என்ற பாறைத் தீவு. கடல் வற்றும்போது பாறைகள் தலைகாட்டி வழி திறக்கும். தாழ்ஓதத்துக்கு முன் இரண்டரை மணி நேரம், பின் இரண்டரை மணி நேரம். அவ்வளவுதான்! அதற்குள் போய்த் திரும்பிவிட வேண்டும். கணக்குத் தப்பினால் அடுத்த வற்றம் வரை தீவிலேதான் இருக்க வேண்டும். ஸ்வான்சீயில் பிறந்த கவிஞர் டிலன் தாமஸே இளம் வயதில் அங்கே மாட்டிக்கொண்டவர்!

அந்தக் கடற்கரையின் மணலுக்குள்ளிருந்து கருத்த விலா எலும்புகள்போல மரத்தூண்கள் நீட்டிக்கொண்டிருக்கும். 1887 நவம்பர் புயலில் கரைதட்டிய நார்வே நாட்டுக் கப்பல் ஹெல்வேஷியாவின் ஓக் மரச் சட்டங்கள் அவை. மரம் ஏற்றி வந்த கப்பல். நூறாண்டுக்கு மேலாக அலை தின்றும் தீரவில்லை! இன்னொரு கப்பல் கதையும் உண்டு. 1807-லும் 1833-லும் இதே மணல் விலகி, 17-ஆம் நூற்றாண்டின் ஸ்பானிய வெள்ளிக் காசுகள் வெளியே வந்தன. ஊரே ஓடிவந்து மணலைத் தோண்டியது. வெள்ளியோடு மூழ்கிய அந்தக் கப்பல் எது என்ற கேள்வியை மணல் இன்னும் மூடியே வைத்திருக்கிறது.

அரசனின் செருப்பிலிருந்து விழுந்த 25 டன் கல் தெரியுமா?

கௌவரின் நடுமுதுகாக ஓடும் குன்று கெவன் பிரின். அதன் மேட்டில் சிறு கற்கள் தாங்கி நிற்க, சுமார் 25 டன் எடையுள்ள பாறை ஒன்று உட்கார்ந்திருக்கிறது. புதிய கற்காலக் கல்லறை அது. ஊர்க்கதை என்ன சொல்கிறது? ஆர்தர் மன்னன் நடந்து போகையில் செருப்புக்குள் ஒரு கூழாங்கல் உறுத்தியதாம். எடுத்து வீசினானாம். கழிமுகத்தைத் தாண்டிப் பறந்து இங்கே வந்து விழுந்ததாம்! பெயரே ஆர்தர் கல். பிரிட்டனின் பழஞ்சின்னங்களைக் காக்க 1882-ல் முதல் சட்டம் வந்தபோதே காப்புப் பட்டியலில் ஏறிய கல் இது. சுற்றிலும் குதிரைகளும் ஆடுகளும் கட்டின்றி மேயும் பொதுமேய்ச்சல் நிலம். சாலையின் நடுவில் குதிரை நின்றால் கார்தான் காத்திருக்க வேண்டும்!

இங்கிருந்து தெற்கே இறங்கினால் மூன்று கூர்ப்பாறைகள் காவல் நிற்கும் த்ரீ கிளிஃப்ஸ் விரிகுடா. அதன் மேலே பென்னார்ட் கோட்டையின் சிதைவு. அதை வீழ்த்தியது எந்தப் படை தெரியுமா? மணல்! காற்று வாரிக்கொண்டு வந்து குவித்த மணல் இடைக்காலத்தின் இறுதியில் கோட்டையையும் அதன் கிராமத்தையும் மூடி, மக்களை வெளியேற வைத்தது.

ஜப்பானின் நோரிக்கும் வேல்ஸின் பாசிக்கும் உள்ள உறவு தெரியுமா?

ஸ்வான்சீ சந்தைக்குள் நுழையாமல் ஊரைப் பார்த்ததாகச் சொல்லக் கூடாது. வேல்ஸின் மிகப் பெரிய உள்ளரங்கச் சந்தை இது. 1941 பிப்ரவரி 19, 20, 21 ஆகிய மூன்று இரவுகள் ஜெர்மானிய விமானங்கள் குண்டுமழை பொழிந்தன. 230 பேர் இறந்தார்கள். நகரின் நடுவே 41 ஏக்கர் தரைமட்டமானது. பழைய சந்தையும் போனது. 1961-ல் மீண்டும் எழுந்த கட்டடம்தான் இன்றைய சந்தை.

நடுவில் மட்டி விற்கும் கடைகள். பென்க்ளவுத் கிராமத்துப் பெண்கள் கழிமுகம் வற்றும் நேரம் பார்த்துக் கழுதைகளோடு போய், மணலைக் கீறி, மட்டி சலித்துக் கொண்டுவந்த தொழில் இது. கடல் திரும்பும் முன் சாக்கு நிறைய வேண்டும். எத்தனை தலைமுறைப் பெண்களின் முதுகுவலி அந்தச் சிறு கிண்ணத்தில் இருக்கிறது!

பக்கத்திலேயே கரும்பச்சைக் கூழாக ஒன்று இருக்கும். அது லாவர்பிரெட். பெயரில்தான் பிரெட், பொருளோ கடற்பாசி! பாறையில் படரும் பாசியை அலசி, மணிக்கணக்கில் வேகவைத்து, ஓட்ஸ் மாவில் புரட்டிப் பொரித்துக் காலையில் சாப்பிடுகிறார்கள். இப்போது அதிசயத்தைக் கேளுங்கள். இதே பாசி இனத்தை ஆராய்ந்த பிரிட்டிஷ் விஞ்ஞானி கேத்லீன் ட்ரூ-பேக்கர், அதன் வாழ்க்கையின் ஒரு பருவம் கிளிஞ்சல் ஓடுகளுக்குள் கழிகிறது என்று 1949-ல் கண்டறிந்தார். அதுவரை நோரிப் பாசியின் விதை எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல் தவித்த ஜப்பானிய மீனவர்களுக்கு அந்தக் கண்டுபிடிப்பு வாழ்வு கொடுத்தது. ஜப்பானில் அவருக்கு நினைவுச்சின்னம் வைத்து, 'கடலின் அன்னை' என்று ஆண்டுதோறும் ஏப்ரல் 14 அன்று விழா எடுக்கிறார்கள்!

சோபர்ஸின் ஆறு சிக்ஸர்களும் இங்கேதான், தெரியுமா?

1968 ஆகஸ்ட் 31. கடலுக்கு எதிரே செயின்ட் ஹெலன்ஸ் மைதானம். நாட்டிங்ஹாம்ஷயர் அணியின் தலைவர் கேரி சோபர்ஸ் மட்டையைப் பிடித்திருந்தார். கிளாமோர்கனின் மால்கம் நாஷ் வழக்கமாக மிதவேகப் பந்துவீச்சாளர். அன்று சுழற்பந்தைச் சோதித்துப் பார்த்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எல்லாமே எல்லைக்கு அப்பால்! ஐந்தாவது பந்தை ரோஜர் டேவிஸ் பிடித்தேவிட்டார். ஆனால் பிடித்த வேகத்தில் எல்லைக்கோட்டுக்கு வெளியே விழுந்தார். அதுவும் சிக்ஸர்! ஆறாவது மைதானத்தையே தாண்டித் தெருவுக்குப் போனது. முதல்தரக் கிரிக்கெட்டில் ஒரு ஓவரில் 36 ரன் அதுவே முதல்முறை. இரண்டாம் முறை நிகழ 16 ஆண்டுக்கு மேல் ஆனது. அதைச் செய்தவர் நம் ரவி சாஸ்திரி, 1985 ஜனவரியில், பம்பாயில்!

நீதிபதி கண்டுபிடித்த மின்கலமும் பனிமனிதன் படமும் தெரியுமா?

1811-ல் ஸ்வான்சீயில் பிறந்தவர் வில்லியம் குரோவ். படித்தது சட்டம், பின்னாளில் நீதிபதி. ஆனால் 1842-ல் அவர் செய்து காட்டியது என்ன? ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் சேரவிட்டு, மின்சாரத்தையும் தண்ணீரையும் பெற்றார்! நூறாண்டுக்கும் மேல் பெரிய பயன் காணாமல் இருந்த அந்த எரிபொருள் மின்கலத்தை ஜெமினி, அப்போலோ விண்கலங்கள் சுமந்து சென்றன. நிலவுக்குப் போனவர்களுக்கு ஒளியும் குடிநீரும் தந்தது ஒரு வேல்ஸ் வழக்கறிஞரின் யோசனை!

அதே காலத்தில் ஊருக்கு வெளியே பென்லெர்கேர் மாளிகையில் டில்வின் லூவெலின் குடும்பம் கேமராவும் தொலைநோக்கியுமாக வாழ்ந்தது. ஜான் டில்வின் லூவெலினும் மகள் தெரேசாவும் 1850-களிலேயே நிலவைப் படமெடுத்தார்கள். ஜானின் தங்கை மேரி டில்வின் 1850-களில் எடுத்த படத்தில் ஒரு பனிமனிதன் நிற்கிறான். உலகின் மிகப் பழைய பனிமனிதன் படங்களில் அதுவும் ஒன்று. விறைத்த முகத்தோடு அசையாமல் உட்கார்ந்து படமெடுத்துக்கொண்ட காலத்தில், அவர் வீட்டாரின் விளையாட்டைப் படம்பிடித்தார்!

இன்னும் இருக்கிறது, மூச்சு வாங்கிக்கொள்ளுங்கள்!

• 1930-களில் ஸ்வான்சீத் துறைமுகத்தில் ஜாக் என்ற கறுப்பு நாய் நீரில் விழுந்த 27 பேரைக் காப்பாற்றியதாக ஊர் சொல்கிறது. கடற்கரைச் சாலையில் அதற்கு நினைவுச்சின்னமே இருக்கிறது!

• பிரிட்டன் பிரபுக்கள் சபைக்காக ஃபிராங்க் பிராங்வின் ஆண்டுக்கணக்கில் தீட்டிய 16 பேரோவியங்களை, வண்ணம் மிகுதி என்று 1930-ல் சபை மறுத்தது. ஸ்வான்சீ இரு கை நீட்டி வாங்கிக்கொண்டது. கட்டிக்கொண்டிருந்த நகர மன்றத்தின் கூரையையே ஓவியங்களுக்காக உயர்த்தியது!

• 1928 ஜூன் 18 அன்று, விமானத்தில் அட்லாண்டிக்கைக் கடந்த முதல் பெண்ணான அமீலியா இயர்ஹார்ட் வந்து இறங்கிய இடம், கௌவருக்கு எதிர்க்கரையில் இருக்கும் பரி போர்ட்.

• ஸ்வான்சீ பள்ளத்தாக்கின் மேற்பகுதியைத் தாண்டினால் 27 மீட்டர் உயர ஹென்ரிட் அருவி. 'தி டார்க் நைட் ரைசஸ்' படத்தில் பேட்மேனின் குகை வாசல் அந்த அருவிதான்!

• பிரிட்டன் முழுவதற்குமான வாகனப் பதிவு அலுவலகம் ஸ்வான்சீயில்தான் இருக்கிறது. லண்டன் தமிழரின் பர்ஸில் இருக்கும் ஓட்டுநர் உரிமத்துக்கும் ஊர் இதுவே!

செம்பின் தலைநகரம் தெரியுமா?

இப்போது இந்த ஊரின் மிகப் பெரிய கதை. செப்புத் தாது ஒரு பங்கு உருக, நிலக்கரி பல பங்கு வேண்டும். ஆகவே நிலக்கரியைத் தாதுவிடம் கொண்டுபோவதைவிடத் தாதுவை நிலக்கரியிடம் கொண்டுவருவதே மலிவு. ஸ்வான்சீயின் டாவே நதிக்கரையில் நிலக்கரி இருந்தது. கப்பல் வர ஆறும் இருந்தது. 1717-ல் முதல் உருக்காலை எழுந்தது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டனின் செம்பு உருக்கும் திறனில் ஏறத்தாழ 90 சதவீதம் ஸ்வான்சீயைச் சுற்றி 20 மைலுக்குள் இருந்தது! கார்ன்வாலிலிருந்து தாது வந்தது. கியூபாவிலிருந்து வந்தது. தென் அமெரிக்காவின் கொடும்புயல் முனையான கேப் ஹார்னைச் சுற்றிக்கொண்டு சிலியிலிருந்தும் வந்தது. கடற்படைக் கப்பல்களின் அடிப்பாகத்துக்குச் செப்புத் தகடு இங்கே அடித்தார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி பிரிட்டிஷ் செம்பைப் பெருமளவில் வாங்கி இந்தியாவுக்குக் கப்பலேற்றியது.

ஆனால் அந்தச் செம்பின் பளபளப்புக்குப் பின்னால் கண்ணீர் இருக்கிறது. ஆப்பிரிக்காவில் அடிமைகளை விலைக்கு வாங்கப் பயன்பட்ட செப்பு வளையங்களும் இந்த ஆலைகளில்தான் வார்க்கப்பட்டன. கியூபாவின் சுரங்கங்களில் தாதுவை வெட்டியவர்களிலும் அடிமைகள் இருந்தார்கள். 1865-ல் கியூபாவிலிருந்து தாதுவோடு வந்த ஹெக்லா என்ற கப்பல் மஞ்சள் காய்ச்சலையும் கொண்டுவந்து இறக்கியது. வெப்ப நாட்டு நோய், குளிர்ந்த வேல்ஸ் துறைமுகத்தில் 15 உயிர்களைக் குடித்தது! பிரிட்டன் பெருநிலத்தில் அந்நோய் பரவிய ஒரே நிகழ்வு அதுதான்.

நஞ்சான பள்ளத்தாக்கும் காப்பாற்றப்பட்ட தீபகற்பமும்

ஆலைப் புகை பள்ளத்தாக்கின் புல்லைக் கொன்றது. மரங்களைக் கொன்றது. ஆலைகள் மூடிய பிறகு மிஞ்சியது கசடு மலைகளும், செம்பும் துத்தநாகமும் ஊறிய மண்ணும். ஐரோப்பாவின் மிக மோசமான தொழில் தரிசுகளில் ஒன்று என்று பெயர் வந்தது. 1961-ல் பல்கலைக்கழகமும் நகராட்சியும் கைகோத்து மீட்புத் திட்டம் தொடங்கின. நஞ்சு மண்ணிலும் எந்தப் புல் பிழைக்கும், எந்த மரம் வேர்விடும் என்று சோதித்தார்கள். பள்ளிக் குழந்தைகள் வந்து கன்று நட்டார்கள். இன்று அங்கே காடு இருக்கிறது. மோர்ஃபா செப்பாலை நின்ற இடத்தில் ஸ்வான்சீ கால்பந்து அணியின் மைதானம் இருக்கிறது. டாவே நதிக்கரையில் பழைய ஹாஃபோட் ஆலைச் சுவர்களைச் சுற்றி நடக்கலாம்.

இதே நகரத்தின் எல்லைக்குள், சில மைல் மேற்கே, இன்னொரு வரலாறும் நடந்தது. பிரிட்டனில் 'சிறந்த இயற்கை எழில் பகுதி' என்று முதன்முதலில் சட்டக் காப்புப் பெற்ற நிலம் எது தெரியுமா? 1956-ல் கௌவர்! ஒரே ஊர், ஐந்தாண்டு இடைவெளியில், ஒரு நிலத்தைக் கெடாமல் காத்தது; கெட்டுப்போன இன்னொரு நிலத்தைத் திரும்பப் பெறப் புறப்பட்டது. ஸ்வான்சீயின் உச்ச அதிசயம் எனக்கு இதுதான். எழில் தானாக மிஞ்சுவதில்லை. யாரோ முடிவெடுத்துத்தான் மிஞ்சுகிறது.

கிளம்புகிறீர்களா? இதைக் குறித்துக்கொள்ளுங்கள்

குறைந்தது மூன்று நாள் ஒதுக்குங்கள். முதல் நாள் சந்தை, கடலோர அருங்காட்சியகம், மம்பிள்ஸ் நடை. இரண்டாம் நாள் முழுக்க கௌவர்; நகரப் பேருந்து நிலையத்திலிருந்து ரொசிலி வரை பேருந்து உண்டு. மூன்றாம் நாள் செப்புப் பள்ளத்தாக்கு, நேரமிருந்தால் ஹென்ரிட் அருவி. நடக்கக் கால் வலுவிருந்தால் 2012-ல் திறந்த வேல்ஸ் கடலோரப் பாதை இருக்கிறது. ஒரு நாட்டின் கடற்கரை முழுவதையும் இடைவெளியின்றித் தொடர்ந்து செல்லும் உலகின் முதல் நடைபாதை அது, 1,400 கிலோமீட்டர்! அதன் மிக அழகான துண்டுகளில் சில கௌவரில்தான் வருகின்றன.

மழைச்சட்டை கட்டாயம். பிரிட்டனில் மழை அதிகம் பெறும் நகரங்களின் வரிசையில் ஸ்வான்சீக்கு முன்வரிசை! மழைச்சட்டையைவிட முக்கியமானது ஓத நேர அட்டவணை. வொர்ம்ஸ் ஹெட்டுக்குப் போகுமுன் அன்றைய தாழ்ஓத நேரத்தைப் பார்த்து, திரும்ப வேண்டிய நேரத்தைக் கைக்கடிகாரத்தில் வைத்துக்கொண்டு இறங்குங்கள். கரையிலேயே கண்காணிப்பு நிலையம் இருக்கிறது. சந்தேகம் இருந்தால் அங்கே கேளுங்கள். வழி திறந்திருக்கும் நேரத்துக்குள் போய்வந்துவிட்டால், அந்த ஐந்து மணி நேரம் வாழ்நாளுக்கும் போதும்!